லீகல் நர்ஸ் கன்சல்டன்ட் சான்றிதழ்: பணம் கட்டும் முன் நம்மூர் நர்சுகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, முதலில் நாட்டிலும் பிறகு சவூதியிலும் ஐ.சி.யு.வில் பல வருடம் வேலை பார்த்தேன். பிள்ளைகளின் படிப்புக்காக ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஆன்லைனில் 'லீகல் நர்ஸ் கன்சல்டன்ட்' என்று ஒரு கோர்ஸ் வருகிறது. கட்டணம் அதிகம். முடித்தால் சர்வதேச அங்கீகாரம் என்கிறார்கள். இது இந்தியாவில் செல்லுமா? நாகர்கோவிலில் இருந்துகொண்டே இந்த வேலையைச் செய்ய முடியுமா?

பதில்:

இப்போதைக்கு அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள், தங்கச்சி. வழக்குகளில் வரும் மருத்துவப் பதிவுகளைப் படித்து வக்கீலுக்கு விளக்கும் இந்த வேலை நல்ல வேலைதான். உங்கள் ஐ.சி.யு. அனுபவமும் அதற்குப் பொருந்தும். ஆனால் "சர்வதேச அங்கீகாரம்" என்று விளம்பரத்தில் சொல்வது எப்படிக் கிடைக்கிறது என்று தெரியாமல் பணம் கட்டினால், கையில் ஒரு தாள் மட்டும் மிஞ்சும். நான் வார்டில் ஸ்டாஃப் நர்சாக இருந்து, பிறகு சட்டம் படித்து, இப்போது நாகர்கோவிலில் வக்கீலாக இருக்கிறேன். மருத்துவ அலட்சிய வழக்குகளும் விபத்து இழப்பீட்டு வழக்குகளும்தான் என் வேலையில் பெரும்பகுதி. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அமெரிக்காவில் இது என்ன என்று பார்ப்போம். இந்தத் தொழில் வேரூன்றியது அங்கேதான். அமெரிக்க லீகல் நர்ஸ் கன்சல்டன்ட்கள் சங்கம் 1989-இல் தொடங்கியது. அமெரிக்க நர்சுகள் சங்கம் இதை நர்சிங்கின் தனிச் சிறப்புத் துறையாக 2006-இல் ஏற்றுக்கொண்டது. லீகல் நர்ஸ் கன்சல்டன்ட்கள் சங்கத்தோடு சேர்ந்த சான்றளிப்பு வாரியம் ஒன்று தேர்வு நடத்தி எல்.என்.சி.சி. என்ற தகுதியைத் தருகிறது. நர்சிங் சிறப்புத் துறைகளின் சான்றிதழ்களைச் சோதித்து அங்கீகரிக்கும் ஒரு தனி அமைப்பு அங்கே உண்டு. அந்த அமைப்பின் முத்திரை பெற்ற லீகல் நர்ஸ் சான்றிதழ் இந்த எல்.என்.சி.சி.தான்.

அந்தத் தேர்வை யார் எழுதலாம் என்பதைக் கவனமாகப் படியுங்கள். அமெரிக்காவிலோ அதன் ஆட்சிப் பகுதிகளிலோ செல்லுபடியாகும் ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) லைசென்ஸ் இருக்க வேண்டும். நர்சாக 5 வருட அனுபவம் வேண்டும். அதற்கு மேல், லீகல் நர்ஸ் கன்சல்டன்டாகவே 2,000 மணி நேரம் வேலை செய்த ஆதாரம் காட்ட வேண்டும், அதுவும் அண்மை ஆண்டுகளில் செய்ததாக. இவ்வளவும் இருந்தால்தான் தேர்வு: 200 கேள்விகள், 4 மணி நேரம். தேறினால் சான்றிதழ் 5 வருடத்துக்குச் செல்லும். பிறகு தொடர்கல்வி மணிநேரங்களைக் காட்டியோ மறுபடி தேர்வெழுதியோ புதுப்பிக்க வேண்டும்.

இங்கே வரிசையைப் பாருங்கள். வேலை முதலில், சான்றிதழ் பிறகு. இரண்டாயிரம் மணி நேரம் என்றால் முழுநேரமாகச் செய்தாலும் ஏறக்குறைய ஒரு வருட உழைப்பு. அவ்வளவு காலம் சான்றிதழ் இல்லாமலேதான் ஒருவர் இந்த வேலையைச் செய்கிறார். அமெரிக்காவிலும் இந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வேலை செய்யலாம் என்று சட்டம் சொல்லவில்லை. வார்டில் எத்தனை வருடம் நின்றார், எந்தத் துறையில் நின்றார் என்பதைத்தான் வக்கீல்கள் முதலில் பார்க்கிறார்கள்.

ஆன்லைன் கோர்ஸ் முடித்தால் கிடைப்பது வேறு. அது பயிற்சி முடித்ததற்கான சான்று. சில தனியார் நிறுவனங்கள் தங்கள் பயிற்சியை முடித்தவர்களுக்குத் தங்கள் பெயரிலேயே ஒரு பட்டத்தையும் தருகின்றன. சி.எல்.என்.சி. என்று நீங்கள் பார்த்திருந்தால் அது அந்த வகை. அந்தப் பயிற்சியில் விஷயம் இருக்கலாம், நல்ல ஆசிரியர்களும் இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன தேர்வும் அதுவும் ஒன்றில்லை. எழுத்துகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் பலர் குழம்புகிறார்கள், விற்பவர்களும் அந்தக் குழப்பத்தைத் தெளிவுபடுத்துவதில்லை. உங்களுக்கு அமெரிக்க ஆர்.என். லைசென்ஸ் இல்லையென்றால், எத்தனை கோர்ஸ் முடித்தாலும் எல்.என்.சி.சி. தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

இனி நம் நாடு. இந்தியாவில் இந்தப் பெயரில் சட்டப்படியான பதிவு எதுவும் இல்லை. நமக்குள்ள பதிவு, 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் உள்ள ஆர்.என். (நர்ஸ்), ஆர்.எம். (தாதி) பதிவுதான். இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்குப் பதிலாக ஒரு தேசிய ஆணையத்தைக் கொண்டுவரும் சட்டம் 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இந்தச் சட்டங்கள் எதிலும் லீகல் நர்ஸ் என்ற பிரிவு கிடையாது.

அப்படியானால் கோர்ட்டில் நர்சின் பேச்சுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-ஆம் பிரிவு, ஒரு துறையில் தனித் தேர்ச்சி உள்ளவரின் கருத்தை கோர்ட் ஏற்கலாம் என்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுதான் இது. அறிவியல், கலை என்பவற்றோடு வேறு எந்தத் துறையானாலும் என்று புதிய சட்டத்தில் விரித்திருக்கிறார்கள். சான்றிதழ் வேண்டும் என்று அதில் இல்லை. தேர்ச்சி உண்டா என்று நீதிபதி பார்ப்பார். ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் நோயாளியைப் பல வருடம் பார்த்த சிஸ்டருக்கு, வென்டிலேட்டர் நோயாளியின் நர்சிங் கவனிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் தேர்ச்சி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் நடைமுறையில் நம் கோர்ட்டுகள் டாக்டரின் கருத்தைத்தான் கேட்டுப் பழகியிருக்கின்றன. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், டாக்டர்மேல் குற்ற வழக்கு தொடுக்கும் முன் சார்பில்லாத ஒரு டாக்டரின் கருத்தைப் பெற வேண்டும், அவர் அரசுப் பணியில் இருப்பவராக இருந்தால் நல்லது என்றது. நர்சிங் தவறுக்கும் அதே வழியில் டாக்டரிடமே போகிறோம். அமெரிக்காவின் இலினாய் மாநில உச்ச நீதிமன்றம் 2004-இல் சல்லிவன் எதிர் எட்வர்ட் ஹாஸ்பிட்டல் வழக்கில் வேறு மாதிரி சொன்னது: நர்சிங் கவனிப்பின் தரம் என்ன என்று சாட்சி சொல்ல நர்சுக்குத்தான் தகுதி, டாக்டருக்கு இல்லை. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நம் தொழிலை ஒரு தனி அறிவுத்துறையாக ஒரு நீதிமன்றம் மதித்ததாக அதை நான் எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டிலும் ஒருநாள் அப்படி வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

இந்த வேலை எதில் இருக்கிறது என்று ஒரு கேஸ் ஷீட்டை வைத்துச் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கில் ஒரு பெண் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் ஒரு கட்டுத் தாளோடு வக்கீலிடம் வருகிறார்கள். வக்கீல் டிஸ்சார்ஜ் சம்மரியையும் டாக்டர் குறிப்பையும் படிப்பார். நீங்கள் படித்தால் முதலில் உடல் வெப்பம், நாடி, மூச்சு எழுதிவைக்கும் டி.பி.ஆர். சார்ட்டை எடுப்பீர்கள். இரவு 2 மணிக்கு நாடி 96, பி.பி. 110/70. மூன்று மணிக்கு நாடி 118, பி.பி. 104/70. நான்கு மணிக்கு நாடி 134, பி.பி. 82/50. மூன்று மணி வரை பி.பி. நன்றாகத்தானே இருந்தது என்று வக்கீல் நினைப்பார். உள்ளே ரத்தம் போகும்போது முதலில் ஏறுவது நாடி, பி.பி. கடைசியில்தான் விழும் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று மணிக்கே நாடி எண் பி.பி.யின் மேல் எண்ணைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதுதான் மொத்த வழக்கும்.

அடுத்து நர்ஸ் குறிப்பைப் பார்ப்பீர்கள். "டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது" என்று இருக்கும், நேரம் இருக்காது. பேட் எத்தனை மாற்றினார்கள் என்று இருக்காது. சிறுநீர் அளவு எழுதியிருக்காது. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் டிரிப் ஏற்றிய நேரம் மருந்துத் தாளில் ஒன்றும் நர்ஸ் குறிப்பில் வேறொன்றுமாக இருக்கும். இரண்டு ஷிப்ட் குறிப்பும் ஒரே கையெழுத்தில் ஒரே மையில் இருந்தால் அதையும் குறித்துவைப்பீர்கள். ரத்த வங்கிக்கு எழுதிய சீட்டு எங்கே, எந்தப் பக்கம் காணவில்லை என்று பட்டியல் போடுவீர்கள். இத்தனையையும் நேர வரிசையில் அடுக்கி, எந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்போடு வக்கீல் கையில் கொடுப்பதுதான் இந்த வேலையின் முதுகெலும்பு. வழக்கு நிற்காது என்றால் அதையும் நேராகச் சொல்ல வேண்டும். செய்ய வேண்டியதை எல்லாம் நேரத்தோடு செய்தும் உயிர் போகும் சமயம் உண்டு. அப்படிப்பட்ட கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு, ஆஸ்பத்திரிமேல் தவறில்லை என்று வீட்டாருக்குப் புரியவைப்பதும் அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் உதவிதான்.

இந்தப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளி தரப்புக்கு உண்டு. டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைக் கொடுக்க வேண்டும், உள்நோயாளி பதிவுகளை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட 2 வருடம்தான் கெடு. வீட்டார் பெரும்பாலும் அழுது தீர்த்து, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்த்து, எல்லாம் முடிந்து வக்கீலிடம் வரும்போது கெடு நெருங்கியிருக்கும்.

நர்சின் செயலை மையமாகக் கொண்ட வழக்குகள் நம் நாட்டில் புதிதில்லை. ஸ்பிரிங் மெடோஸ் ஹாஸ்பிட்டல் வழக்கைச் சொல்லலாம். டைஃபாய்டுக்கு குளோரோமைசெட்டின் எழுதியிருந்த குழந்தைக்கு லாரியாகோ என்ற மலேரியா மருந்தை ரத்தக் குழாயில் ஊசியாகப் போட்டுவிட்டார்கள். குழந்தையின் இதயம் நின்று, மூளை பாதிக்கப்பட்டது. 1998-இல் உச்ச நீதிமன்றம் குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்குத் தனியாக 5 லட்சமும் உறுதிசெய்தது. ஊசி போட்டவருக்கு உரிய தகுதி இல்லை என்பதும், அப்படிப்பட்டவரை வேலைக்கு வைத்ததற்கு ஆஸ்பத்திரிதான் பொறுப்பு என்பதும் அதில் வந்தது. நர்சின் செயலை மட்டும் பற்றியதாக இல்லாவிட்டாலும், நம் மாநிலத்திலேயே வி. கிருஷ்ணகுமார் வழக்கும் இருக்கிறது. 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-ஆம் வாரத்தில் 1,250 கிராம் எடையில் பிறந்த குழந்தை. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் பாதிப்புக்கான சோதனை செய்யப்படவில்லை, பெற்றோருக்கும் சொல்லப்படவில்லை, பார்வை போய்விட்டது. 2015-இல் உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது சுமார் 1.8 கோடி ரூபாய். குறைமாதக் குழந்தைப் பிரிவில் டிஸ்சார்ஜ் சொல்லிக்கொடுத்து அனுப்பும் எந்த சிஸ்டரும் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

ஒன்றை நர்சுகளுக்காகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரியவில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 106(1) பிரிவில், அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் 5 வருடம் வரை சிறை. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்தால் 2 வருடம் வரைதான். அந்தச் சலுகை யாருக்கு என்ற விளக்கம், தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்கீழ் பதிவானவர்களை மட்டும் சொல்கிறது. நர்ஸ் அதில் வரவில்லை. ஒரே அறையில், ஒரே நோயாளியிடம், டாக்டர் சொன்னதைச் செய்த சிஸ்டருக்கு டாக்டரைவிட அதிகத் தண்டனை வரலாம் என்று அந்த வாசகத்தைப் படித்தால் தெரிகிறது. இது அநியாயம். நர்சிங் தெரிந்தவர்கள் சட்டத்தின் பக்கம் வந்தால்தான் இதைப் பேச ஆள் இருக்கும். ஆகவே இந்த வேலை நோயாளிக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். குற்றம் சாட்டப்பட்ட சிஸ்டரின் குறிப்புகளை அவர் பக்கம் நின்று படிக்கவும் ஆள் வேண்டும்.

நாகர்கோவிலில் இருந்து செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஆனால் இப்போதே மாதச் சம்பளமாக எதிர்பார்க்காதீர்கள். மருத்துவ அலட்சிய வழக்குகள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வருகின்றன. கட்டிய கட்டணம் 50 லட்சம் வரை என்றால் அங்கேதான். சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பானதிலிருந்து இந்த வழி திறந்திருக்கிறது. மேல்முறையீடு மாநில நுகர்வோர் ஆணையத்தின் மதுரை அமர்விலும், ரிட் மனு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் வந்தால் அங்குள்ள வக்கீல்களுக்கும் இதே உதவி தேவைப்படும்.

எண்ணிக்கையில் அதைவிட அதிகம் விபத்து வழக்குகள். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரையிலான ரோட்டின் நெரிசல் உங்களுக்குத் தெரியாததில்லை. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளைஞருக்கு இழப்பீடு கேட்கும்போது, பெரும்பாலும் ஆஸ்பத்திரி பில்லைக் கூட்டி ஒரு தொகை போட்டுவிடுகிறார்கள். அவருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை கத்தீட்டர் மாற்ற வேண்டும், காற்று மெத்தை எத்தனை காலம் தாங்கும், இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க இரவிலும் ஆள் வேண்டுமே, படுக்கைப்புண் வந்தால் எத்தனை நாள் அட்மிட் ஆக வேண்டும், பிசியோதெரபி மாதம் எவ்வளவு என்பதை நர்ஸ் உட்கார்ந்து எழுதினால் கணக்கே மாறும். காஜல் எதிர் ஜகதீஷ் சந்த் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், கவனித்துக்கொள்பவருக்கான செலவை மொத்தமாக ஒரு தொகை என்று வைக்காமல், இரண்டு பேருக்கு மாதாமாதம் ஆகும் செலவை வயதுக்கேற்ற பெருக்கியால் பெருக்கியது. அப்படிப்பட்ட கணக்குக்கு அடிப்படை ஆதாரம் தயாரிப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய முதல் வேலை என்று நினைக்கிறேன். இதில் யாரையும் குற்றம் சாட்டவும் வேண்டியதில்லை. நம் ஊரில் பழகியவர்களோடு முகம் கொடுத்து வாழ வேண்டியவர்களுக்கு அது சிறிய விஷயமில்லை.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். வக்கீல் தொழில் செய்ய 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி வக்கீலுக்கு மட்டும்தான் உரிமை. நீங்கள் கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. வக்கீலுக்கு மருத்துவப் பகுதியை விளக்கலாம். வாங்கும் பணம் மணிக்கணக்கிலோ அறிக்கைக்கு இவ்வளவு என்றோ இருக்க வேண்டும். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வக்கீல் தன் கட்டணத்தை வக்கீல் அல்லாதவரோடு பங்குபோடக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது, பங்கு வாங்கியவரின் கருத்தை எந்த நீதிபதியும் நம்பமாட்டார். நீங்களோ நெருங்கிய சொந்தமோ வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் வழக்கைத் தொடாதீர்கள். நம் மாவட்டம் சிறியது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நர்ஸ் என்பது போல, அதனால் யார் யாருக்கு என்ன உறவு என்று வழக்கை எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கேஸ் ஷீட்டை போனில் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பும் பழக்கமும் வேண்டாம். அரசு வேலையில் இருக்கும் சிஸ்டர்கள், 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி அனுமதி வாங்காமல் இதில் இறங்கக் கூடாது.

படிக்க வேண்டும் என்றால் நம் நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி மருத்துவச் சட்டமும் நெறிமுறையும் பற்றித் தொலைநிலையில் முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. வேலையை விடாமல் படிக்கலாம். முழுதாக வக்கீலாக வேண்டும் என்றால், பட்டம் முடித்த உங்களுக்கு மூன்று வருட எல்.எல்.பி. உண்டு, திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி நமக்குப் பக்கம். அதை நேரில் போய்த்தான் படிக்க வேண்டும், தபாலில் படித்த எல்.எல்.பி.யை பார் கவுன்சில் ஏற்காது. வக்கீலாகப் பதிவு செய்தபின் முழுநேரச் சம்பள வேலையில் தொடரவும் முடியாது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து வருபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அமெரிக்க வழக்குகளுக்கு இங்கிருந்தே மருத்துவப் பதிவுகளைச் சுருக்கிக் கொடுக்கும் அவுட்சோர்சிங் வேலையும் இந்தியாவில் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளோடு இருக்க விரும்பும் உங்களுக்கு அது ஒரு வழி. சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒழுங்குபடுத்திப் படிக்கும் பயிற்சி கிடைக்கும். என்க்ளெக்ஸ் எழுதி அமெரிக்க லைசென்ஸ் எடுக்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் மட்டும் எல்.என்.சி.சி. பற்றிப் பிறகு யோசிக்கலாம். பிரிட்டனில் இருக்கும் நம்மூர் சிஸ்டர்களுக்கு வேறு வழி. அங்கே நிபுணர் சாட்சியாக இருக்க தனி லைசென்ஸ் இல்லை, நர்சாகப் பதிவும் அனுபவமும்தான் அடிப்படை. ஆனால் யார் பணம் கொடுத்தாலும் நிபுணரின் முதல் கடமை நீதிமன்றத்துக்கு என்று அங்குள்ள சிவில் விதிகளின் 35-ஆம் பகுதி கட்டாயப்படுத்துகிறது. நம் நாட்டிலும் அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

அந்தக் கோர்ஸ்காரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள். உங்கள் சான்றிதழை அங்கீகரித்த அமைப்பின் பெயர் என்ன, இந்திய லைசென்ஸ் மட்டும் உள்ளவர் இதை வைத்து எந்தத் தேர்வு எழுதலாம், பாடத்தில் இந்தியச் சட்டம் எத்தனை மணி நேரம், நிஜமான கேஸ் ஷீட்டை வைத்துப் பயிற்சி உண்டா, உண்டென்றால் எழுதிய அறிக்கையைத் திருத்தித் தருவது யார் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இதற்கிடையில் உங்கள் கவுன்சில் பதிவு காலாவதி ஆகாமல் புதுப்பித்து வையுங்கள். சவூதியில் வேலை பார்த்த அனுபவச் சான்றுகளை, எந்த யூனிட், எத்தனை படுக்கை, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்ற விவரத்தோடு கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்து நாளானால் அதை வாங்குவது கஷ்டம். நாளைக்கு நீங்கள் கோர்ட்டில் நின்றால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் இருக்கும்.